ஒரு கிலோ கோழி, ஆறு தட்டு... கடைசித் தட்டில் என்ன மிஞ்சுகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை, சத்துவாச்சாரி கறிக்கடைகளில் கூட்டம் சேரும் நேரம். ஹவுசிங் போர்டு வீடுகளிலிருந்தும் ரங்காபுரம் பக்கமிருந்தும் பையோடு வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "ஒரு கிலோ குடுங்கண்ணா, மீடியம் பீஸா போடுங்க."

வீட்டில் நான்கு பேர் இருந்தாலும் ஒரு கிலோ. மாமியார், மாமனாரோடு ஆறு பேர் இருந்தாலும் ஒரு கிலோ. ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்து எட்டுப் பேர் ஆனாலும் அதே ஒரு கிலோ. மாறுவது கோழியின் எடை அல்ல, குழம்பில் ஊற்றும் தண்ணீரின் அளவு!

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் பகுதியில், ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் ஏராளம். விடியும் முன் எழுந்து, டிபன் பாக்ஸ் கட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, இருட்டும் நேரத்தில் திரும்புகிற வாரத்தில் நிதானமாகக் கறி சமைக்க முடிவது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். அந்த ஒரு நாளிலும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியின் அடியில் மிஞ்சிய கழுத்தெலும்போடும் குழம்போடும் சாப்பிட உட்காருவது பெரும்பாலும் சமைத்தவர்தான்.

"எனக்குக் குழம்பு போதும், சத்தெல்லாம் அதுலதான் இருக்கு" என்று சொல்லாத அம்மா உண்டா? ஆனால் அந்தச் சத்துக் கணக்கு சரிதானா?

கணக்கு எங்கே இடிக்கிறது?

எலும்போடு ஒரு கிலோ கோழி வாங்கினால், அதில் சதை சுமார் 600 கிராம் தேறும். 100 கிராம் பச்சைக் கோழிச் சதையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. ஆக, ஒரு கிலோ கோழியில் சுமார் 120 கிராம் புரதம். ஆறு பேர் சமமாகச் சாப்பிட்டால் ஆளுக்கு 20 கிராம்.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. அதாவது, சமமாகப் பங்கு வைத்தால் ஒரு வேளைக் கோழியிலேயே நாளின் தேவையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்துவிடும். பங்கு வைக்காவிட்டால் லெக் பீஸும் நெஞ்சுப் பகுதியும் முதல் இரண்டு தட்டுகளிலேயே காலியாகும். கடைசித் தட்டுக்கு வருவது எலும்பு.

குழம்பில் சத்தே இல்லையா? இருக்கிறது. எலும்பிலிருந்தும் தோலடித் திசுக்களிலிருந்தும் இறங்கிய ஜெலட்டின், கொழுப்பு, உப்பு, கொஞ்சம் தாதுக்கள் எல்லாம் சாற்றில் உண்டு. ஆனால் புரதத்தின் பெரும்பகுதி சதையிலேயே தங்கிவிடுகிறது. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் துண்டில் இருப்பது முழுவதும் சாற்றுக்கு வராது.

இரும்புச்சத்து இன்னொரு கவலை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கோழிச் சதையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் கறித்துண்டு தட்டில் இருந்தால், அதோடு சாப்பிடும் காய், கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தையும் உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். வைட்டமின் சி-யும் இதே உதவியைச் செய்யும். வெறும் குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, கையோடு ஒரு டம்ளர் டீயும் குடித்தால் நடப்பது நேர்மாறு. டீ, இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

அதனால்தான் ஒரு கிலோ கோழியை ஆறு தட்டுக்கு நீட்டத் தண்ணீரைவிடக் காய் நல்லது. கோழியும் காயும் ஒரே சட்டியில், மூடி போட்டு, சிறு தீயில் சேர்ந்து வேகும் சமையல் இதற்கு ரொம்பவே பொருத்தம்.

மூடி செய்யும் மாயம்

உலகம் முழுக்க இந்த முறை இருக்கிறது. வயதான சேவலை ஒயினில் மெதுவாக வேகவைப்பது பிரான்ஸின் 'கோக் ஓ வேன்'. கோழியை வினிகரிலும் சோயா சாஸிலும் வேகவைப்பது பிலிப்பைன்ஸின் 'அடோபோ'. ஆங்கிலத்தில் 'பிரெய்சிங்' என்பார்கள். நம் ஊர்ப் பிரியாணி மாஸ்டர்கள் அண்டாவை மூடி, மேலே நெருப்புக் கங்கு போட்டு 'தம்' கட்டுவதும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

எல்லாவற்றுக்கும் சூத்திரம் ஒன்றே. முதலில் எண்ணெயில் நன்றாகப் பிரட்டி நிறமும் மணமும் வரவைக்க வேண்டும். பிறகு கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி, தீயைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே எழும் நீராவி மூடியில் பட்டு, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகச் சட்டியிலேயே விழும். மூடியின் மேல் குழிவான தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டே, அது நீராவியைச் சீக்கிரம் குளிர வைக்கத்தான். தண்ணீர் குறைந்தால் தட்டில் சூடாக இருக்கும் அதே தண்ணீரை உள்ளே ஊற்றிக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொதியை அடக்க வேண்டியதில்லை.

இந்த ஈரச் சூட்டில்தான் கறியை இணைத்திருக்கும் விறைப்பான கொலாஜன் இளகி ஜெலட்டினாக மாறுகிறது. குழம்பு விரலில் லேசாக ஒட்டுவதற்கும், மறுநாள் ஃபிரிட்ஜில் ஜெல்லி போல உறைவதற்கும் காரணம் இதுதான். கூடவே வேகும் உருளைக்கிழங்கின் மாவு குழம்பைக் கெட்டியாக்கும். தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றாமலே குழம்பு சேர்ந்து வரும்.

பிராய்லரா, நாட்டுக்கோழியா?

இரண்டுக்கும் நேரக்கணக்கு வேறு. பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்திலேயே கடைக்கு வந்துவிடும் இளங்கோழி. அதில் இளக்க வேண்டிய விறைப்புத் திசு குறைவு. அரை மணி நேரத்துக்கு மேல் வேகவிட்டால் நெஞ்சுக்கறி நார் நாராகக் காய்ந்துவிடும். குக்கரில் நான்கு விசில் விட்டுவிட்டு, "கறி கரைஞ்சு போச்சே" என்று வருந்துவது இதனால்தான்.

நாட்டுக்கோழி பல மாதங்கள் ஓடியாடி வளர்ந்தது. கால் சதை உறுதியாக இருக்கும். அதற்கு முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகலாம். அவசரம் என்றால், முதலில் கோழியை மட்டும் குக்கரில் நான்கைந்து விசில் விட்டு, பிறகு திறந்து, காய் சேர்த்துச் சாதாரண மூடியோடு சமைக்கலாம். காயையும் சேர்த்து விசில் விட்டால் மிஞ்சுவது கூழ்தான்.

கோழி - காய் தம்: எப்படிச் செய்வது? (6 பேருக்கு)

தேவையானவை: எலும்போடு கோழி - 1 கிலோ, பெரிய வெங்காயம் - 3, தக்காளி - 2, உருளைக்கிழங்கு - 300 கிராம், கேரட் - 200 கிராம், பீன்ஸ் - 100 கிராம், முருங்கைக்காய் - 1, காய்ந்த மிளகாய் - 8 முதல் 10, இஞ்சி - பூண்டு விழுது - 2 டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள் - அரை டீஸ்பூன், பட்டை - 2 துண்டு, கிராம்பு - 4, ஏலக்காய் - 3, புதினா, கொத்தமல்லி - தலா ஒரு கைப்பிடி, எண்ணெய் - 4 டேபிள்ஸ்பூன், உப்பு - தேவைக்கு.

செய்முறை: காய்ந்த மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து விழுதாக அரைக்கவும். ஆம்பூர்ப் பிரியாணியில் மிளகாய்த்தூளுக்குப் பதில் இந்த விழுதைத்தான் சேர்ப்பார்கள். நிறம் பளிச்சென்று வரும், காரம் தொண்டையைப் பிடிக்காது. கோழியில் மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் உப்பு சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கவும்.

அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளிக்கவும். நீளமாக நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும். இதில் அவசரம் கூடாது, குழம்பின் நிறமும் இனிப்பும் இங்கேதான் தீர்மானமாகும். இஞ்சி - பூண்டு விழுது சேர்த்துப் பச்சை வாசனை போனதும், மிளகாய் விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கவும்.

கோழியைச் சேர்த்து, தீயைக் கூட்டி ஐந்தாறு நிமிடம் பிரட்டவும். பிறகு தக்காளி, பாதி புதினா, கொத்தமல்லி சேர்க்கவும். தக்காளி இரண்டுக்கு மேல் வேண்டாம். புளிப்பு கூடினால் உருளைக்கிழங்கு வேகத் தாமதமாகும். அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி, மூடி போட்டு, மேலே தட்டில் தண்ணீர் வைத்து, தீயைக் குறைக்கவும்.

10 நிமிடம் கழித்துப் பெரிய துண்டுகளாக நறுக்கிய உருளைக்கிழங்கும் கேரட்டும். அடுத்த 5 நிமிடத்தில் பீன்ஸும் முருங்கைக்காயும். காய்களுக்கும் சேர்த்து உப்பைச் சரிபார்த்து மீண்டும் மூடவும். அதன்பின் 15 நிமிடத்தில் பிராய்லர் தயாராகும். நாட்டுக்கோழி என்றால் கறி முக்கால் பதம் வெந்த பிறகே காய்களைச் சேர்க்கவும்.

பதம் பார்ப்பது எப்படி? பெரிய கால் துண்டில் எலும்பை ஒட்டிக் கத்தியால் குத்தினால் வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், சிவப்பு தெரியக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 74 டிகிரி செல்சியஸ் கணக்கு. மீதிப் புதினா, கொத்தமல்லி தூவி, அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடியே வைக்கவும்.

இந்தப் பத்து நிமிடத்துக்குள் பக்கத்து அடுப்பில் தொட்டுக்கொள்ள ஒன்று தயாராகிவிடும். ஆம்பூர், வேலூர் பக்கம் அது என்னவென்று சொல்லவே வேண்டாம்... கத்தரிக்காய்தான்!

எண்ணெய்க் கத்தரிக்காய்: தொட்டுக்கொள்ள மட்டுமல்ல

சின்னக் கத்தரிக்காய் 400 கிராம் எடுத்து, காம்பை விட்டுவிட்டு நான்காகக் கீறி உப்புத் தண்ணீரில் போடவும். காற்றுப் பட்டுக் கறுப்பது குறையும். வேர்க்கடலை 3 டேபிள்ஸ்பூன், எள் 1 டேபிள்ஸ்பூன், தனியா 1 டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் 4 ஆகியவற்றை வெறும் வாணலியில் வறுத்து அரைக்கவும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வைக்கவும்.

கோழியில் உருளைக்கிழங்கு சேர்க்கும் நேரத்தில் இந்த வாணலியை ஏற்றலாம். நான்கு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் வதக்கவும். தண்ணீர் வடித்த கத்தரிக்காயைச் சேர்த்து, மூடி போட்டு, அவ்வப்போது திருப்பிவிட்டு ஏழெட்டு நிமிடம் வதக்கவும். காய் தளர்ந்த பிறகே அரைத்த மசாலா, உப்பு, புளிக்கரைசல் சேர்க்கவும். முதலிலேயே புளி ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும். எண்ணெய் மிதந்து வந்ததும் கொஞ்சம் வெல்லம் போட்டு இறக்கவும். வேர்க்கடலையும் எள்ளும் இருப்பதால் இதிலும் கொஞ்சம் புரதம் உண்டு.

கத்தரிக்காய் வாங்கும்போது சந்தையில் 'இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். காம்பில் முள்ளோடு இருக்கும் இந்த ரகம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியின் இலவம்பாடி கிராமத்துப் பெருமை. 2023 பிப்ரவரியில், ராமநாதபுரம் முண்டு மிளகாயோடு சேர்த்து இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்த மண்ணில் ஒரு காய்க்கு அப்படி ஓர் அங்கீகாரம் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. வேலூரை 'தண்ணி இல்லாத ஆறு' இருக்கும் ஊர் என்று கிண்டல் செய்வது பழைய வழக்கம். ஆனால் பாலாற்றுக்கு வந்த பெரிய சோதனை, தோல் தொழிற்சாலைக் கழிவு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தத் தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்றும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தந்து, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

பல வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோழி வாங்கக் காசு தருவதும் தோல் தொழில். கூடப் போடும் காய் விளைந்த நிலத்தைக் கெடுத்ததும் அதே தொழில். அந்தக் காயை வீணாக்காமல் சமைத்து, சமைத்தவரும் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லைதானே?

பரிமாறும் முன் ஆறு கிண்ணம்

தீர்வு ரொம்ப எளிது. சட்டியை நடுவில் வைத்து, கேட்கக் கேட்க அள்ளிப் போடுவதற்குப் பதில், முதலிலேயே ஆறு கிண்ணங்களை எடுத்து வையுங்கள். மீடியம் பீஸாக வெட்டிய ஒரு கிலோவில், வெட்டுவதைப் பொறுத்து 16 முதல் 20 துண்டுகள் இருக்கும். சதைத் துண்டு இரண்டு, எலும்புத் துண்டு ஒன்று என்று ஒவ்வொரு கிண்ணத்திலும் வைத்து, மேலே காயும் குழம்பும் ஊற்றுங்கள். சமைத்தவருக்கான கிண்ணமும் அந்த ஆறில் ஒன்று. மீதமுள்ள காயையும் குழம்பையும் யார் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

"வீட்டுக்குள்ளே இப்படி எண்ணி வைப்பாங்களா?" என்று பாட்டிகள் கேட்கலாம். ஆனால் கூறு போடுவது நமக்குப் புதிதா என்ன? கிராமத்தில் ஆடு அடித்தால் ஈரலிலிருந்து எலும்புவரை எல்லாக் கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் விழும்படி பிரிப்பதுதான் வழக்கம். ஊருக்குள் செய்த அந்த நியாயத்தை வீட்டுக்குள்ளும் செய்தால் என்ன?

ஈரலுக்கும் இதே விதிதான். கோழியில் இரும்புச்சத்து அதிகமுள்ள பகுதி அதுவே. வழக்கமாகக் குழந்தைக்குப் போகும் அந்தத் துண்டு, ஒரு வாரம் ரத்தசோகை உள்ள அக்காவுக்கோ அம்மாவுக்கோ போகட்டும். கர்ப்பிணிகள் மட்டும், ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால், டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

இதையும் கவனியுங்கள்

கோழியைக் குழாய்க்கு நேரே பிடித்துக் கழுவ வேண்டாம். தெறிக்கும் தண்ணீரோடு கிருமிகளும் சிங்க் முழுக்கப் பரவும். கழுவியே ஆக வேண்டும் என்றால் பாத்திரத்துக்குள் தண்ணீர் ஊற்றி, தெறிக்காமல் அலசி, பிறகு சிங்க்கையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமிகளைக் கொல்வது நல்ல வேக்காடுதான், கழுவுவது அல்ல.

கோழி வெட்டிய கத்தியிலும் பலகையிலும் வெங்காயப் பச்சடிக்கு நறுக்கக் கூடாது. பச்சடிக் காய்களை முதலில் நறுக்கிவிட்டுக் கடைசியாகக் கோழியைத் தொடுவது நல்லது.

சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். வேலூர் வெயில் கொளுத்தும் மாதங்களில் ஒரு மணி நேரம்தான் கெடு. இரவுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும் முன் நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

நேரம்? காய்களைச் சனிக்கிழமை இரவே நறுக்கி மூடி வைத்துவிட்டால் (உருளைக்கிழங்கு மட்டும் தண்ணீரில்), ஞாயிறன்று ஊறும் நேரம் போக ஒன்றேகால் மணி நேரத்தில் இரண்டும் தயார். மூடி போட்ட பிறகு அடுப்படியிலேயே நிற்க வேண்டியதில்லை. வெங்காயம் உரிக்கவும் வேர்க்கடலை வறுக்கவும் வீட்டில் வேறு கைகளும் இருக்கின்றன அல்லவா?

அடுத்த ஞாயிறு மூடியைத் திறக்கும்போது, கரண்டியை எடுக்கும் முன் கிண்ணங்களை எண்ணிவிடுங்கள். வீட்டில் ஆறு பேர் என்றால் ஆறு கிண்ணம். ஐந்து எடுத்து வைத்துவிட்டு, "எனக்குச் சட்டியிலேயே இருக்கு" என்று யாராவது சொன்னால், ஆறாவது கிண்ணத்தை வேறொருவர் எழுந்து எடுத்து வரட்டும்!